ஓராண்டு கூடிய கடைசி அடி

புர்ஹான்பூர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் கம்ருத்தீனுக்கு ஊரில் இன்னொரு வேலையும் இருந்தது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கல்லறைக் கல்லுக்கு நாலடி உருதுக் கவிதை அவர்தான் எழுத வேண்டும். சும்மா நாலடியா? சந்தம் நொண்டக் கூடாது, இயைபு இடறக் கூடாது. அதோடு ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. கடைசி அடியின் எழுத்துகளைக் கூட்டினால் இறந்த ஆண்டு, இஸ்லாமிய ஹிஜ்ரி கணக்கில், வர வேண்டும். முப்பது வருஷத்தில் அவர் கணக்கு ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

அந்த மனிதர் பெற்ற மகளுக்கே எழுத உட்கார்ந்தார். நய்யராவுக்குப் பத்தொன்பது வயது. மஞ்சள் காமாலை நாலே நாளில் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆண்டு 1391. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதற்குள் கல் நட்டாக வேண்டும்.

"ஊருக்கெல்லாம் எழுதினீங்களே, என் பொண்ணுக்கும் எழுதுங்க," என்று மனைவி ஜுபைதா அழுதாள்.

எழுதினார். மகளின் பெயர் கடைசி அடியில் அலுங்காமல் உட்கார்ந்தது. கூட்டிப் பார்த்தால் 1392! ஒன்று கூடுதல். இதற்கு வழி இல்லாமல் இல்லை. 'ஆஹ்' என்னும் பெருமூச்சுச் சொல்லின் முதல் எழுத்துக்கு மதிப்பு ஒன்று. 'ஆஹின் தலையை வெட்டி' என்று முந்தின அடியில் சேர்த்தால் அந்த ஒன்று கழிந்துவிடும். ஊரார் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அப்படி வெட்டிய கை! இன்று பேனா நகர மறுத்தது.

"அவ வாழ்ந்ததே கொஞ்சம். அதுல நானும் ஒண்ணு கழிக்கணுமா? முடியாது போ," என்று காகிதத்தைப் பார்த்தே சொன்னார். அப்படியே கல்லில் வெட்டச் சொல்லிவிட்டார்.

நாற்பதாம் நாள் பித்தான் கடை வஹீத் கல்லின் முன்னால் வந்து நின்றார். கல்யாணப் பத்திரிகையில்கூடச் சந்தப் பிழை பிடிக்கிற ஆள். தப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜமாத்தார் கல்லை மாற்றச் சொல்வார்கள்.

வஹீத் தொடையில் தாளம் தட்டிப் படித்தார். "வாஹ், இயைபு எப்படி விழுந்திருக்கு பாருங்க!" என்றார். பிறகு விரல் கணுக்களில் கூட்டினார். நின்றார். முதலிலிருந்து மறுபடியும் கூட்டினார். நிமிர்ந்து கம்ருத்தீனின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன வஹீத் பாய், வருஷம் வருதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வராம எங்க போகும்? எழுதினது யாரு!" வஹீத் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "ஆயிரத்து முன்னூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. ஒண்ணு கூடவும் இல்ல, கொறயவும் இல்ல."

நாற்பது நாள் அழாத கம்ருத்தீன் கல்லைப் பிடித்துக்கொண்டு கதறினார்.