திரும்பிப் பார்க்காமல் ஓடியவள்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏழு வருடம், சாத்தூர் ரோட்டில் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு டிரில் மாஸ்டர் நான்தான். டிகிரி வாங்கிய இரண்டு பேர் வந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு வரிசையில் நிறுத்த முடியாமல் ஓடிப்போன பிறகு, ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சரே என் வீடு தேடி வந்து கூப்பிட்டார். சுற்று வட்டாரத்தில் கபடியில் என் காலைப் பிடித்து நிறுத்தியவன் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

ஓட்டப்பந்தயத்தை நான் விசிலில் தொடங்கமாட்டேன். வெடிதான். ஊரைச் சுற்றி வெடிக் கம்பெனி. ஒற்றை வெடிக்கா பஞ்சம்? கோட்டுக்குப் பின்னால் தள்ளி மண்ணில் ஒன்றைக் குத்திவைத்து, ஊதுபத்தியால் பற்றவைப்பேன். விசில் என்றால் வாத்தியார் வாயைப் பார்த்தே பிள்ளைகள் கள்ளத்தனமாகக் கிளம்பிவிடும். திரி எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? சத்தம் கேட்டதும் கிளம்ப வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. யாரும் சொல்லித்தராத என் சொந்த யோசனை. மற்றப் பள்ளிகளை என் பிள்ளைகள் ஜெயித்தது இதனால்தான்.

இரண்டாம் வகுப்பில் ஒருத்தி மட்டும் வழிக்கு வரவில்லை. வெடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி, கம்பெனி இருந்த பக்கம் வானத்தைப் பார்ப்பாள். எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் பெரியவர்களும் அப்படித்தான், புகை எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று பார்ப்போம். அவள் அம்மாவுக்கு அங்கே வெடிக்குள் கரிமருந்து செலுத்தும் வேலை.

மகளைக் கூப்பிட வந்த அந்த அம்மாவிடம் சொன்னேன். "ஏத்தா, வெடிக் கம்பெனிக்காரி மக வெடிக்குப் பயந்தா ஊரு சிரிக்கும். பத்தே நாளு, என்கிட்ட விடு."

"வேணாம் அண்ணாச்சி. அது பயந்தாப்லயே இருக்கட்டும். நான் நாள் பூரா மருந்துல கெடக்கேன். சத்தம் கேட்டா என் பிள்ளை திரும்பிப் பாக்கத்தான செய்யணும்?"

"அவ கழுத்துல மெடல் தொங்குறத நீ பாக்க வேணாமா?"

"அதையும் நீங்கதான் மாட்டிக்கிட்டுத் திரிவீக," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

பத்து நாள் கேட்டேன், எட்டே நாளில் முடித்தேன். அவளுடைய கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன், தலையை முன்பக்கம் திருப்பிவைத்தேன். குதிரைக் குட்டி மாதிரி ஓடினாள்.

தீபாவளி சீசன். ஒருநாள் காலை ஆறு பிள்ளைகளைக் கோட்டில் நிறுத்தினேன். வெடியைப் பற்றவைக்கும் முன், எதிர்முனையில் எல்லைக் கயிறு தொய்ந்து கிடப்பதைப் பார்த்து, "அசையாம நில்லுங்கலே" என்று சொல்லிவிட்டு அதைக் கட்டப் போனேன். முடிச்சுப் போடும்போது தரை அதிர்ந்தது.

பிள்ளைகள் என் வெடி என்று நினைத்து ஓடி வந்தார்கள். ஐந்து பேர் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே வந்து நெஞ்சால் கயிற்றைத் தள்ளினாள்.

"சார், நாந்தான ஃபர்ஸ்ட்டு?"

அவளுக்குப் பின்னால் கம்பெனிப் பக்கம் புகை ஏறிக்கொண்டிருந்தது.

"ஆமாத்தா," என்றேன். அவள் திரும்பிவிடாதபடி தலையை என் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "எங்கம்மாட்ட சொல்லணும் சார்," என்றாள். அவள் மூச்சு என் சட்டையில் சுட்டது.

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

ஒரு மாதம் கழித்து அவள் பள்ளிக்கு வந்தபோது நான் விசிலுக்கு மாறியிருந்தேன். அவள் வரிசைக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தாள்.

"சார், அன்னைக்கு வெடி வச்சது நீங்கதான?"

"ஆமாத்தா, நாந்தான் வச்சேன்."

மைதானத்தின் எதிர்முனையை ஒரு தடவை பார்த்தாள். "நீங்க கயித்துக்கிட்டல்லா நின்னீக?"

அவள் குரலில் கோபம் இல்லை. எதற்கும் வாயில் பதில் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். நான் அடுத்து என்ன சொல்வேன் என்று அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். இன்றைக்கும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.