பதினோராவது ஃபாரம்

1. இன்ஸ்பெக்ஷன்

முந்நூறு பிரதிகளும் திருமழிசை அச்சகத்திலிருந்து குட்டியானை வண்டியில் எங்கள் சேக்காட்டு வீட்டு வாசலில் வந்து இறங்கின. என் மனைவி கற்பகம் ஆரத்தித் தட்டோடு வந்தாள். நான் வெர்னியர் அளவுகோலோடு வந்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் க்யூ.சி. இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். அளவு நூலிழை கூடினாலும் சிவப்பு பெயிண்ட் அடித்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். சப்ளையர்கள் என்னை எப்படியெல்லாம் திட்டினார்கள் என்பது எனக்குத் தெரியும், கவலைப்பட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருடம் உட்கார்ந்து ஒரு சரித்திர நாவல் எழுதினேன். புழல் கோட்டையை ஆண்டு, போரில் தோற்றுப்போன ஒரு குறும்பர் அரசனின் கதை. ஜெயித்த ராஜாக்களுக்கு எழுத ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. தோற்றவனுக்கு யார் இருக்கிறார்கள்? எயினன் என்று நானே பெயர் வைத்தேன். பதிப்பகங்கள் பதிலே போடாததால் என் சொந்தச் செலவில் அச்சுக்குக் கொடுத்தேன்.

சாம்ப்ளிங் முறைப்படி முப்பது புத்தகங்களை உருவினேன். நீளம், அகலம், முதுகின் தடிமன், மூலைமட்டம் எல்லாம் அளந்தேன். பசை பிடித்திருக்கிறதா என்று அட்டைகளைப் பிடித்து இழுத்தேன். ஒரு புத்தகத்தை மொட்டை மாடியிலிருந்து கீழே போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ விழுந்துவிட்டது என்று பதறி ஓடி வந்தார். புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒரு குறை கிடைக்காததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. முந்நூறையும் பாஸ் செய்து டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

2. பாராட்டு

ஆவடியில் ஒரு சின்ன ஹாலில் வெளியீட்டு விழா. பழைய பிளான்ட் மேனேஜர்தான் தலைமை. உடன் வேலை பார்த்தவர்கள், சொந்தக்காரர்கள் என்று இருநூறு பிரதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் விற்பது எனக்குப் பெரிதில்லை. யாராவது ஒருவர் முழுசாகப் படித்து, எயினனுக்காக ஒரு நிமிடம் வருத்தப்பட வேண்டும். அதற்குத்தான் ஆறு வருடம். அதிலும் பதினெட்டாம் அத்தியாயம், கோட்டை வாசல் போர், அதை எழுத மட்டும் பதினான்கு மாதம் பிடித்தது.

அதனால் போன் செய்தவர்களிடமெல்லாம் வெட்கமில்லாமல் கேட்டேன், போர் எப்படி இருந்தது என்று. பிரமாதம் என்றார்கள். என் சம்பந்தி அந்த அத்தியாயத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாராம். மேனேஜர் ஒருபடி மேலே போனார்.

“வாசல்லயே எங்களை நிக்க வச்சிட்டீங்க. ஸ்பெஷலா அந்தக் குதிரை!” என்றார்.

ஒரு மாதம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

3. போன்

புத்தகத்தின் பின்பக்கத்தில் என் நம்பர் இருக்கும். ஒருநாள் மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன். அம்பத்தூர் ஓ.டி. ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர், பெயர் பாபு, வீடு கள்ளிக்குப்பத்தில் என்றார். புத்தகம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். யாரோ பெரியவர் வண்டியில் விட்டுவிட்டுப் போனாராம். முதல் பக்கத்தில் ‘மேனேஜர் ஐயாவுக்கு அன்புடன்’ என்று எழுதியிருக்கிறதாம். நாளைக் கணக்குப் பார்த்தால், விழா நடந்த அதே சாயங்காலம்.

“அத்த உடு சார். எயினன் வாசலாண்ட நின்னுகினு வாள உருவுறான். பக்கத்த திருப்புனா, ‘முதலில் உரலை வெந்நீரில் கழுவவும்’னு கீது. இன்னா சார் இது?”

ஓடிப்போய் ஒரு பிரதியைப் பிரித்தேன். நூற்று அறுபதாம் பக்கத்தில் எயினன் வாளை உருவுகிறான். நூற்று அறுபத்தொன்றில் வெட் கிரைண்டர் படம். கல் சுற்றாவிட்டால் ஃப்யூஸைப் பார்க்கவும், தேங்காய்ச் சில்லைப் பெரிதாகப் போட வேண்டாம், ஒரு வருட வாரண்டி. பதினாறு பக்கம் கழித்து எயினன் காட்டில் மார்புக் கட்டோடு கிடக்கிறான். வீட்டில் இருந்த எல்லாப் பிரதிகளும் அப்படியே. புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத்தான் தைப்பார்கள். அந்த ஒரு மடிப்புக்கு ஃபாரம் என்று பெயர். பதினோராவது ஃபாரம் முழுக்க மாறியிருந்தது.

அச்சக முதலாளி நிதானமாகப் பேசினார். என் நாவலும் கிரைண்டர் கையேடும் ஒரே சைஸாம், ஒரே வாரம் ஓடியதாம், பைண்டிங்கில் கைமாறிவிட்டதாம். அப்படியானால் என் போர் எங்கே போனது என்று கேட்டேன். முந்நூறு கிரைண்டர் பெட்டிக்குள் போயிருக்கும் என்றார். பிறகு, பாஸ் பண்ணி கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே சார் என்றார்.

அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. இருநூறு பேர் வாங்கி ஒருத்தர்கூடவா நூற்று அறுபது பக்கம் வரவில்லை? மேனேஜரிலிருந்து சம்பந்தி வரைக்கும் ஒவ்வொருவராகத் திட்டித் தீர்த்தேன். கற்பகம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“அவங்களை ஏங்க திட்றீங்க? நான் எட்டாம் அத்தியாயத்துலயே தூங்கிட்டேன், ஒத்துக்கறேன். நீங்க? அச்சாகி வந்தப்புறம் பிரிச்சு ஒரு பக்கம் படிச்சீங்களா?”

படிக்கவில்லை. ஒன்பது தடவை புரூஃப் பார்த்து எனக்கே சலித்துப் போயிருந்தது. அளந்தேன், இழுத்தேன், மாடியிலிருந்து போட்டேன். படிக்கவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மாவா?

கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, பதினாறு பக்கமும் அனுப்பித் தருவதாக எழுதினேன். இரண்டே நிமிடத்தில் மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. அவர் அப்போதே கவனித்துவிட்டாராம், என் மனசு நோகுமே என்று சொல்லாமல் விட்டாராம். அவருக்குக் கீழே பதினேழு பேர் ‘நானும்’ என்று போட்டார்கள்.

4. ஸ்டாண்டில்

மறுநாள் அந்தப் பதினாறு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓ.டி. ஸ்டாண்டுக்குப் போனேன். பாபுவுக்கு நாற்பது வயதிருக்கும். கிரைண்டரைத் தாண்டி மீதியைப் படித்தீர்களா என்று கேட்டேன்.

“அதெப்டி சார்? வாசல்ல இன்னா ஆச்சின்னு தெரியாம அப்பால போறது?”

டீ வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். உதடு அசைந்தது. நான் ஒரு ஓரமாக நின்றேன். ஒரு அம்மா வந்து திருமுல்லைவாயல் போகணும், வருவியா என்றார்.

“வேற வண்டி பாரும்மா,” என்றார் பாபு, தலையைத் தூக்காமல். “இங்க கோட்டையே போவுது.”

படித்து முடித்துத் தாளை மடித்து வைத்தார்.

“பாவம் சார் அவன். வாசல தொறக்காதன்னு தங்கச்சி அப்பவே சொல்லிச்சி இல்ல?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சொந்தமாகப் புத்தகம் போடப்போகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அச்சாகி வந்ததும் முதலில் நீங்கள் உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். பாராட்டுகிறவர்களிடம் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், பாவம். ஆனால் சண்டை பிடிக்க ஒருவர் போன் செய்தால் உடனே கிளம்பிப் போய்ப் பாருங்கள். பாபு அதற்குள் டேஷ்போர்டிலிருந்து புத்தகத்தை எடுத்து நூற்று எழுபத்தேழாம் பக்கத்தைப் பிரித்திருந்தார். வருகிறேன் என்றேன். அவர் காதில் விழவில்லை.