யாரு வந்திருக்கது?

சோழவந்தான் பக்கத்துக் கோயில்களில் அழகுபாண்டி முப்பது வருஷமாக உறுமி வாசிக்கிறார். யார் மேல் நிஜமாகவே சாமி வந்திருக்கிறது, யார் சும்மா ஆடுகிறார் என்று பாதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அந்தப் பங்குனிப் பொங்கலுக்கு, மதுரையில் படிக்கும் தான்சானியாப் பெண் நீமாவை அவள் தோழி பிருந்தா கூட்டி வந்திருந்தாள். உச்சி வெயிலில் உறுமி வேகம் பிடித்ததும் நீமா செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினாள். குதிகால் மண்ணைக் கிழித்தது. தோள் மட்டும் தனியாகக் குலுங்கியது. அப்படியோர் ஆட்டத்தை அழகுபாண்டி கண்டதில்லை. ஆனாலும் அது பொய்யில்லை என்று தெரிந்தது.

பூசாரி கருத்தக்கண்ணன் அவள் நெற்றியில் திருநீறு பூசி, சாமியாடிகளிடம் கேட்பதையே கேட்டார். "யாரு வந்திருக்கது?"

நீமா வகுப்பில் படித்த தமிழில் ஒழுங்காகப் பதில் சொன்னாள். "நீமா வந்திருக்கிறேன். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்."

குலவை நின்றுபோனது. அவள் பெயர் தெரியாத பெண்கள், எந்தப் பிள்ளையின் ஆவியோ என்று பின்வாங்கினார்கள்.

"எம்புட்டுத் தூரம் தாயி?" என்றார் பூசாரி.

"கடல் தாண்டி."

பிருந்தா ஓடிவந்தாள். "ஐயோ, சாமியெல்லாம் இல்லைங்க. அவளுக்கு ஊரு ஞாபகம் வந்துருச்சு, அம்புட்டுதான்!"

கூட்டம் சிரித்தது. அழகுபாண்டியும் சிரித்தார்.

நீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். "அண்ணா, இது என் அம்மா ஊர்த் தாளம். உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?"

"எப்பவும் வாசிக்கிறதத்தான் வாசிச்சேன் தாயி. இந்தா, கேளு."

குச்சியை எடுத்தார். முப்பது வருஷத்துத் தாளம் கைக்கு வரவில்லை. வேறேதோ வந்தது. நீமாவின் கால்கள் மறுபடி அசைந்தன.

கருத்தக்கண்ணன் திருநீற்றுத் தட்டோடு திரும்பி வந்தார். இந்த முறை அழகுபாண்டிக்கு முன்னால் நின்றார்.