அடுத்த கூடை

1. நடுவில் இல்லாத ஆள்

இலங்கையில் பெல்மதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் உதவியாளாக இருக்கிறேன். கூட்டுவது, தண்ணீர் கொதிக்க வைப்பது, வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனால் சிங்களம் நன்றாக வரும். அதனால் தோட்டத்து ஆட்கள் டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகும்போது கூடப் போய் மொழிபெயர்ப்பதும் என் தலையில் விழுந்தது. அந்த வேலைக்குப் பெயர் கிடையாது.

முதல் தடவை அனுப்பும்போது டிஸ்பென்சரிக்குப் பொறுப்பான ஐயா ஒரே ஒரு விதி சொன்னார்.

"டொக்டர் சொல்றத இவங்களுக்குச் சொல்லு. இவங்க சொல்றத டொக்டருக்குச் சொல்லு. நடுவுல நீ இல்ல. வெளங்குச்சா?"

எனக்கு ஆட்களுக்கு முன்னால் பேசக் கூச்சம். நடுவில் நான் இல்லை என்பது மிகவும் வசதியாக இருந்தது. பல வருஷம் அப்படியே இல்லாமல் இருந்தேன்.

2. ராமையா அண்ணன் கல் பார்த்தது

ராமையா அண்ணன் தேயிலை பெக்டரியில் இலை உருட்டும் ரோலரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கி, நடை சுருங்கி, முகம் விறைத்துப் போனது. கிளினிக்கில் பார்க்கின்சன் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை வேலை செய்தது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். அவர் மனைவி செல்லம்மா அக்கா ஆஸ்பத்திரி இருக்கும் திசைக்குக் கும்பிடு போட்டார்.

அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். கூட்டிய சில வாரத்தில் அண்ணன் தான் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, அதாவது லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டின் அடியைத் தோண்ட ஆரம்பித்தார். தோண்டிய சரளையை மூங்கில் கூடையில் அள்ளி, வடிகால் கானில் ஓடும் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றிக் கழுவினார். கழுவியதைக் கொட்டிவிட்டு அடுத்த கூடை.

வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். எங்கள் பக்கம் மாணிக்கம், நீலம் என்று கல் கிடைக்கிற மண். இங்கே ஒருவன் சரளை கழுவினால் யாரும் சுகவீனம் என்று நினைப்பதில்லை. "ராமையாவுக்கு எங்கயோ துப்பு கெடச்சிருக்கு" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் தாங்களும் கூடையோடு வந்து அவருக்கு அருகில் உட்கார்ந்தார்கள். ஒன்றும் கிடைக்காமல் மூன்றாம் நாள் போய்விட்டார்கள். அண்ணன் போகவில்லை.

சாப்பிடும்போது பாதியில் எழுந்து போனார். அக்கா மம்பட்டியை ஒளித்தார். அண்ணன் அகப்பையால் தோண்டினார். அக்கா கூடையை ஒளித்தார். அண்ணன் அரிசி கழுவும் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அந்த வீட்டில் சோறு பிந்தியது.

மண்மேடு அடியில் குடைந்துகொண்டே போனது. அதற்கு நேரே அவர் மகளும் கைக்குழந்தையும் படுக்கும் பின்னறை. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் மழை பெய்தால் மேடு என்ன செய்யும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கங்காணி வந்து சத்தம் போட்டார். மகள் அழுது பார்த்தாள். "இந்தா, இந்தக் கூடைய முடிச்சிட்டு வாறேன்" என்பதுதான் எல்லோருக்கும் கிடைத்த பதில்.

ஒருநாள் ரத்தக் கொதிப்பு மாத்திரை கொடுக்க அந்த லயத்துக்குப் போயிருந்தேன். பின்னால் அண்ணனின் மருமகன் ஒரு சின்ன நீலக் கல்லை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கழுவிக் கொட்டியதில் கிடந்ததாம்.

"மாமா, கல்லு கெடச்சிருச்சு. போதும், எந்திரிங்க."

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. கூடையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

கல்லுக்காகப் பைத்தியமாய் அலைந்த எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். கிடைத்த கல்லைத் திரும்பிப் பார்க்காத ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்தும் அது எனக்குச் சரியாகப் படவில்லை.

3. கேட்காததைச் சொன்னது

அடுத்த கிளினிக் வந்தது. டொக்டர் சிங்களப் பெண், வயது குறைவு, பொறுமை அதிகம். எப்படி இருக்கிறார் என்று கேட்டார். தமிழில் கேட்டேன்.

"நல்லா இருக்கேங்க" என்றார் அண்ணன்.

"கை நடுங்கலீங்க, நல்ல சொகம்" என்றார் அக்கா.

எங்கள் ஆட்கள் அப்படித்தான். நாற்காலியில் இருப்பவர் தோட்டத்துத் துரையானாலும் டொக்டரானாலும், எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்பது மரியாதை. வயிற்றைப் பிடித்துக்கொண்டும் அதைத்தான் சொல்வார்கள்.

டொக்டர் விடவில்லை. புதிதாக ஏதாவது பழக்கம் உண்டா, சூதாட்டம், தேவையில்லாமல் பொருள் வாங்குவது, அளவில்லாமல் சாப்பிடுவது என்று கேட்டார். ஒன்று விடாமல் மொழிபெயர்த்தேன். இருவரும் இல்லை என்றார்கள். பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கல் பார்ப்பது பழக்கமல்ல, தொழில்.

டொக்டர் திருப்திப்பட்டார். கால் இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, மாத்திரையைக் கூட்டலாம் என்று எழுதப் போனார். தாதி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அக்கா பையைத் தூக்கிவிட்டார்.

"மிஸ், இது அவங்க சொன்னது இல்ல. நான் சொல்றது" என்று டொக்டரிடம் சிங்களத்தில் ஆரம்பித்தேன். மேடு, சட்டி, திரும்பிப் பார்க்காத கல், பின்னறையில் குழந்தை எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாகச் சொன்னேனா என்று தெரியாது.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அண்ணனின் நகங்களைப் பார்த்தார். கல் கிடைத்தபோது சந்தோஷமாக இருந்ததா என்று கேட்கச் சொன்னார். அண்ணன் யோசித்தார்.

"சந்தோசம்னு ஒன்னும் இல்ல. நிப்பாட்டணும்னு தெரியுது தம்பி. இந்தக் கூடையோட நிப்பாட்டலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் நெனைக்கிறேன். அதுக்குள்ள அடுத்த கூடை கைக்கு வந்திருது."

டொக்டர் விளக்கினார். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். மூளையில் டோப்பமின் என்று ஒரு சத்து ஊறுகிறது. கை கால் அசைய அது வேண்டும். இந்த நோயில் அதை ஊற வைக்கும் இடம் பட்டுப்போகிறது. மாத்திரை அதற்குப் பதிலாக நின்று வேலை செய்கிறது. ஆனால் அதே சத்தில் ஓடும் வேறொரு இடமும் உண்டு. இதைச் செய், இன்னொரு தரம் செய் என்று ஆளைத் தள்ளிவிடும் இடம். அது அவ்வளவு பட்டுப்போகவில்லை. காய்ந்த பாத்திக்குப் பாய்ச்சிய தண்ணீர் நனைந்த பாத்தியிலும் நிரம்பிவிடுகிறது. ஆசைப்படுவது ஒரு வேலை, அனுபவிப்பது வேறு வேலை என்றும் சொன்னார். அண்ணனுக்கு முதலாவது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப இவருக்குப் பைத்தியமா?"

அதை மொழிபெயர்க்க எனக்குப் பிடிக்கவில்லை. மொழிபெயர்த்தேன். மூளைக்கு ஒரு அறை, மனசுக்கு இன்னொரு அறை என்று ஆஸ்பத்திரியில்தான் பிரித்து வைத்திருக்கிறோம், தலைக்குள் அப்படிச் சுவர் இல்லை என்றார் டொக்டர். இது மருந்தால் வந்தது, மருந்தைக் குறைத்தால் குறையும். நடுக்கம் கொஞ்சம் திரும்பி வரலாம். வீட்டில் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்து. கடைசி வார்த்தையை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். நான் மூன்று தடவை சொன்னேன்.

4. பிறகு

டிஸ்பென்சரி ஐயாவுக்குச் செய்தி போய்விட்டது. "நீ நடுவுல பேசினியாமே?" என்றார். ஆமாம் என்றேன். "சரி. இனி பேசுறதா இருந்தா மொதல்ல எனக்குச் சொல்லிட்டுப் பேசு" என்றார். விதி அத்தோடு மாறியது.

மாத்திரை படிப்படியாகத்தான் குறைந்தது. மழை அதற்காகக் காத்திருக்கவில்லை. ஐயா துரையிடம் பேசி, மகளையும் குழந்தையையும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் படுக்க வைத்தார். இரண்டாவது பெரிய மழையில் மேடு சரிந்து பின்னறைச் சுவரைத் தள்ளிவிட்டது. உள்ளே ஒரு கட்டிலும் ஒரு தொட்டிலும் இருந்தன. ஆள் இல்லை. அண்ணன் அந்தத் தொட்டிலை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மருமகனிடம் மம்பட்டி கேட்டார். அவர் கொடுக்கத் தயங்கினார். மண்ணை அள்ளிக் குழியை மூடத்தான் என்றதும் கொடுத்தார்.

மழை விட்ட பிறகு மறுபடி கிளினிக். டொக்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே பதில்தான் உண்டு என்பதால், ஐயாவிடம் முன்பே சொல்லி, டொக்டரிடமும் சொல்லிவிட்டு நான் வேறு மாதிரிக் கேட்டேன்.

"அண்ணே, நேத்துப் பூரா என்ன செஞ்சீங்க?"

"குழிய மூடிக்கிட்டு இருந்தேன்." கை மடியில் நடுங்கியது. மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். "மத்தியானத்தோட அலுத்துப் போச்சு. விட்டுட்டுப் போய்ப் படுத்துட்டேன்."

அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. "பாதியில போட்டுட்டு வந்துட்டாருங்க. மிச்சத்த மருமகன்தான் மூடினாரு" என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார்.

எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் ஒரு வார்த்தையை மட்டும் திரும்பக் கேட்டார். அலுத்துப் போச்சு என்றாரா, அவராகவே விட்டாரா? ஆமாம் என்றேன். டொக்டர் சிரித்தார். மாத்திரை இந்த அளவிலேயே இருக்கட்டும் என்று எழுதினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். எப்படி இருக்கிறீர்கள் என்பதை மொழிபெயர்த்துவிட்டு, நேற்று என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். அலுத்துப் போய் ஒரு வேலையைப் பாதியில் விட்டேன் என்று யாராவது சொன்னால், அவசரப்பட்டு வருத்தப்படாதீர்கள்.