டைகர் நிரபராதி

எங்கள் ராணிக்குக் குட்டியே போடாமல் பால் சுரந்தது. வயிறும் உப்பியிருந்தது. கேட்டைத் தாண்டாத நாய் அது. எதிர்வீட்டு மாமாவின் டைகர்தான் மதில் ஏறிக் குதித்திருக்கும் என்று, கரமனைத் தெருவே கேட்கும்படி சண்டை போட்டேன். மாமா அன்றே டைகரைக் கட்டிப் போட்டுவிட்டார்.

பால் கட்டிக்கொண்டால் காய்ச்சல் வரும். இரண்டு பெற்ற எனக்குத் தெரியாதா? ஐந்து நாளாக வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பிழிந்தேன்.

இன்று டாக்டரிடம் கொண்டுபோனேன். ஸ்கேன் பார்த்துச் சிரித்தார்.

“வயித்துல ஒண்ணுமில்ல, கேட்டோ. இது பொய்க் கர்ப்பம். பருவம், அதான் ஹீட், முடிஞ்சு ரெண்டு மாசத்துல சில நாய்க்கு இப்படி வரும்.”

“அப்போ பால் ஏன் நிக்கவே மாட்டேங்கறது?”

“நீங்க பிழியறதுனாலதான். பிழியப் பிழிய ஊறும். தொடாம விடுங்கோ, தன்னால வத்திடும்.”

என் கணவரின் செருப்பைக் குட்டியாக நினைத்து ராணி அணைத்துக்கொண்டு படுக்கும். அதையும் ஒளித்து வைக்கச் சொன்னார். வைத்தாயிற்று.

டைகருக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கியிருக்கிறேன். அது உடனே மன்னித்துவிடும்.

மாமாவுக்கு என்ன வாங்கலாம்? சொல்லுங்கள்.