முனீஸ்வரனுக்கு ஒரு கறுப்புச் சுருட்டு: சதுரங்கப்பட்டினம் வழியாக மகாபலிபுரம்

நீங்களே சொல்லுங்கள், சாமிக்குப் படைக்கிற பொருளை முன்னால் ருசி பார்க்கலாமா? பாயசத்தில் வெல்லம் போதுமா என்றுகூட நாம் நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. வாசனை பிடித்துவிடப் போகிறோமே என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பாத்திரத்தை இறக்குகிறோம். என் தம்பி சிங்காரம் என்னடாவென்றால், முனீஸ்வரனுக்கு வாங்கப் போன சுருட்டைத் தான் பார்த்துச் சொன்னால்தான் ஆயிற்று என்று கடையில் ஒன்றேகால் மணி நேரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். அதனால் பஸ் போயிற்று. திருக்கழுக்குன்றத்தில் கழுகுக்கு அமுது வைப்பதைப் பார்க்கலாம் என்றிருந்தேன், அதுவும் போயிற்று. கடைசியில் என் இடுப்பும் போயிற்று. இதே வழியில் போக நினைக்கிறவர்கள் என்னைப்போல் அவதிப்பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். சிங்காரம் ரங்கூனில் பதினெட்டு வருஷம் மரக் கம்பெனியில் வேலை பார்த்தவன். அங்கே பிடித்துக்கொண்டது இந்தச் சுருட்டு. காலையில் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, விளக்கு வைத்த பிறகு ஒன்று. பெண்சாதி போன பிறகு செங்கல்பட்டில் என் வீட்டோடு இருக்கிறான். எனக்கும் உடன்பிறப்பு என்று அவன் ஒருவன்தான். போன ஆடி மாதம் அவனுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்தான். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிழைத்தால் இனி புகை கூடாது, மறுபடி பிடித்தால் இங்கே தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, மகாபலிபுரத்தில் இருக்கிற எங்கள் குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டேன். முனீஸ்வரா, இவனை எனக்குத் திருப்பிக் கொடு, இவன் இதுவரை பிடித்ததிலெல்லாம் உசத்தியான சுருட்டை உனக்கு வைக்கிறேன், அதற்கப்புறம் இவன் சுருட்டையே தொடமாட்டான் என்று. காய்ச்சலில் கிடந்தவனும் தலையை ஆட்டினான். இரண்டு பேர் வாக்கு அது. தவறினால் முனி யாரிடம் கணக்குத் தீர்ப்பார் என்று எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்த நெஞ்சில்தான் மறுபடி உட்காருவார்.

அவன் எழுந்து நடமாடி, தெம்பு வந்து, மாசி பிறந்தும் வேண்டுதல் நடக்கவில்லை. சந்தையில் விற்கிற சுருட்டை வாங்கி வைத்துவிடலாம் என்றால், "அத வெச்சா முனி காறித் துப்பும்க்கா, உசத்தியா வெக்கறேன்னு நீதானே சொன்ன" என்று என் வாயையே அடைத்துவிடுவான். பிறகு யாரோ சொல்லித் தெரிந்தது, சதுரங்கப்பட்டினத்தில் காதர் பாய் என்பவர் கடையில் சீமைச் சுருட்டு இருக்கிறதாம். அவர் மைத்துனர் கப்பலில் வேலை பார்க்கிறவர்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குச் செங்கல்பட்டில் பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றம் ஒன்பது மைல், ஐந்தணா, ஏழேகாலுக்கு இறங்கினோம். அங்கே பஸ் மாறி இன்னொரு எட்டு மைல், நாலணா. எட்டு இருபத்தைந்துக்குச் சதுரங்கப்பட்டினம். ரோடு பரவாயில்லை, கடைசி இரண்டு மைல்தான் குடலைக் கலக்குகிறது. சுருட்டை வாங்கிக்கொண்டு ஒன்பதே முக்கால் பஸ்ஸில் திரும்பினால், உச்சிவேளைக்குள் மலையேறிக் கழுகைப் பார்த்துவிட்டு மகாபலிபுரம் போய்விடலாம். நான் போட்டுவைத்த திட்டம் அதுதான்.

காதர் பாய் நல்ல மனிதர். கடையில் அரிசி, கயிறு, மண்ணெண்ணெய் எல்லாம் உண்டு. சுருட்டு மட்டும் உள்ளே மரப்பெட்டியில் இருந்தது. திறந்து காட்டினார், மூன்றுதான் மிச்சம். கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம், நல்ல கறுப்பு. பழைய புளி எப்படிக் கறுத்து மினுமினுவென்றிருக்கும், அப்படி. ஒன்று இரண்டேகால் ரூபாய் என்றார். இவ்வளவு கறுப்பாக இருக்கிறதே, காட்டமாக இருக்குமோ, முனிக்குத் தொண்டை எரியுமோ என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தாம்மா நெனைக்கிறாங்க. இலைய அடுக்கி, அமுக்கி, மாசக்கணக்கா புழுங்க வெக்கிறாங்க. அதுல கறுத்து, உள்ள இனிப்பு எறங்கிடுது. வெளுப்பா இருக்கறதுதான் நாக்கக் கடிக்கும்" என்றார் பாய்.

சரி, ஒன்று கொடுங்கள் என்று நான் மடியை அவிழ்ப்பதற்குள் சிங்காரம் குறுக்கே வந்தான். பார்க்காமல் எப்படி வாங்குவது, உள்ளே இலை காய்ந்திருந்தால் முனிக்கு வைக்கோலைப் படைத்த மாதிரி ஆகும் என்றான். சாமிக்கு வைப்பதை எச்சில் பண்ணுவதா என்று கேட்டேன். அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தான். இரண்டாக வாங்க வேண்டுமாம், ஒன்று பார்க்க, ஒன்று படைக்க. வாக்கு கொடுத்தாயே என்றேன்.

"படைச்ச பொறவுதானேக்கா தொடக்கூடாது. இன்னும் படைக்கலியே. அதுவும் இத்த நெஞ்சுக்குள்ள இழுக்கறதே கெடையாது, வாயோட சரி. டாக்டரு நெஞ்சத்தான சொன்னாரு."

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தார். ஏழு மாதமாக அவன் தொடாமல் இருந்ததும் உண்மை. இன்றோடு ஒழியட்டும் என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

முதலில் காதோரம் வைத்து உருட்டிக் கேட்டான். பிறகு மூக்கடியில் ஓட்டினான். அப்புறம் என் வெற்றிலைப் பையில் கையை விட்டுப் பாக்குவெட்டியை எடுத்து, கேட்காமல் கொள்ளாமல், அதன் நுனியை மெல்லியதாகச் சீவினான். பற்ற வைப்பானா என்றால் அதுவும் இல்லை. நெருப்பில் படக்கூடாதாம், நெருப்புக்கு மேலே ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டுமாம், அடை சிவக்கிற மாதிரி வட்டம் முழுக்க ஒன்றாகச் சிவக்க வேண்டுமாம். அதற்கே ஆறு தீக்குச்சி. ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு நிமிஷம் சும்மா இருப்பான். சீக்கிரம் முடியேன் என்றால், வேகமாக இழுத்தால் கசந்துவிடும் என்பான். காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனையில் ஆரம்பிக்கிறதாம். பாதிக்கு வந்தால் கருப்பட்டி வருமாம். அதற்கும் கீழே மிளகு. நான் கடை வாசலில் நின்று ரோட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தேன். சாம்பலைத் தட்டக்கூடாது, தானாக விழ வேண்டும் என்று பாய்க்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒன்பதே முக்கால் பஸ் என் கண்ணெதிரே புறப்பட்டுப் போயிற்று. அடுத்தது ஒரு மணிக்கு.

"பாதிதாங்க்கா ஆயிருக்கு, இப்பதான் கருப்பட்டி வருது" என்றான் அந்த மகாராஜா.

பாய்க்கே என்னைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. கால்வாயில் விறகுப் படகு ஒன்று வடக்கே போகிறது, சொல்லிவிடுகிறேன் என்று ஆள் அனுப்பினார். முனிக்கான சுருட்டை வாழைச் சருகில் சுற்றிக் கொடுத்தார். மூன்றாவதையும் எடுத்து, "தனியா எதுக்கு இது, பட்டுப்புடவப் பொட்டில போட்டு வைம்மா, பூச்சி அண்டாது" என்று இனாமாக என் கையில் வைத்தார். அதைத் துணிமூட்டையின் அடியில் சொருகிக்கொண்டேன்.

பதினோரு மணிக்குப் படகு. மகாபலிபுரம் எட்டு மைல், ஆளுக்கு நாலணா. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? கூரை கிடையாது. சவுக்கு விறகின் மேல்தான் உட்கார வேண்டும். ஒருவர் கழி ஊன்றுகிறார், ஒருவர் கரையில் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கிறார். மாட்டு வண்டி நம்மைத் தாண்டிப் போகிறது. மூன்றேகால் மணி நேரம். தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டு சகஸ்ரநாமம் சொல்லிப் பார்த்தேன், ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு நாமம் தவறிப் போயிற்று.

சிங்காரத்தின் கையில் இன்னும் பாதிச் சுருட்டு இருந்தது. தண்ணீரில் போடு என்றேன். போட மனம் வராமல் கழி ஊன்றுகிறவரிடம் கொடுத்தான். அவர் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த இது, வெல்லப்பாகாட்டம் கீது. இத்தயா முனிக்குக் குடுக்கப் போறீங்க? குடுத்துட்டு நீ இன்னா பண்ணுவ?"

"சும்மா இருப்பேன்."

"மொவத்தப் பார்த்தா பொண்ண அனுப்பி வெக்கிறவனாட்டம் இருக்கியே" என்று சொல்லிவிட்டு அவர் கழியை ஊன்றினார். சிங்காரம் விறகிலிருந்து காய்ந்த குச்சியாகப் பார்த்து ஏழெட்டு ஒடித்து மடியில் சொருகிக்கொண்டான். கைக்கு ஏதோ வேலை கிடைத்ததே என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

இறங்கும்போது மணி இரண்டேகால். எங்கள் முனீஸ்வரன் ஊருக்குத் தெற்கே, பனந்தோப்பு முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். கால்வாய்க் கரையிலிருந்து ஒரு மைல் நடை. ஆளுயரத்துக்கு இரண்டு பங்கு, சுதைச் சிலை, முறுக்கின மீசை, உதட்டில் சுருட்டு வைக்கத் துவாரம். வைத்து வைத்து அந்த உதடே கரியாகிக் கிடக்கிறது. பூசாரிக்குச் சொல்லியனுப்பி வரவழைத்தோம். வந்தவுடன் முதல் குறை, பாட்டில் இல்லையா என்று. மதுவிலக்கு வந்து இத்தனை வருஷமாகிறது, இன்னும் அதையே கேட்கிறார். சுருட்டைப் பார்த்ததும் முகம் மாறியது.

"சரி, ஊட்டு ஆம்பளைய வாயால மூணு இழுப்பு இழுத்துப் பத்த வெச்சுக் குடுக்கச் சொல்லு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எப்போதும் உள்ள வழக்கமாம். பெண்கள் பின்னால் நிற்போம், நான் எங்கே பார்த்தேன்? எச்சில் போகட்டும், முனி பொறுத்துக்கொள்வார். இவன் விடுகிற சுருட்டை இவன் வாயாலேயே, அவர் சந்நிதியிலேயே இழுத்தால் பிறகு என்ன வாக்கு? அந்த மூன்று இழுப்பு முப்பதாகும் என்று எனக்குத் தெரியாதா? அதெல்லாம் முடியாது என்றேன். இழுக்காமல் எப்படிப் பற்றும் என்றார் பூசாரி. பாதியில் அணைந்தால் முனி ஏற்கவில்லை என்று அர்த்தம், வேறு சுருட்டு கொண்டு வர வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். மூட்டையில் இருந்ததோ இனாமாக வந்தது, அதை வேண்டுதலுக்கு வைக்க முடியாது. நான் இழுக்கட்டுமா என்று பூசாரியே கையை நீட்டினார். அவர் ஊரான், அவர் இழுத்தால் எங்கள் வேண்டுதலா அது?

நாங்கள் இரண்டு பேரும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போது சிங்காரம் மெதுவாக என் வெற்றிலைப் பையைத் திறந்தான். பாக்குவெட்டியால் நுனியைச் சீவினான். பூசாரி கற்பூரத் தட்டை நீட்டினார், வேண்டாம், வாசனையைக் கெடுத்துவிடும் என்று ஒதுக்கினான். படகில் ஒடித்து வைத்திருந்த சவுக்குக் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்திக்கொண்டு, சிலைக்குப் பின்னால் காற்று மறைவில் குந்தி உட்கார்ந்தான். நெருப்புக்கு மேலே ஒரு விரற்கடை தள்ளி, திருப்பித் திருப்பி, அதே அடை சுடுகிற வேலை. ஏழு குச்சி. கால் மணி நேரம். காலையில் எதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்ததோ அதையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வட்டம் முழுக்கச் சிவந்ததும் எழுந்து, கடல் காற்றுக்கு நேரே நீட்டினான். காற்று அதை ஊதிற்று. கங்கு பூத்தது. உதடு படவில்லை, மூச்சுக்கூடப் படவில்லை.

பூசாரி ஏணியில் ஏறி அதை முனியின் வாயில் பொருத்தினார். மூன்று மணிக்கு மேல் அந்தக் கரையில் காற்று நிற்பதில்லை. முனியே இழுக்கிற மாதிரி கங்கு விட்டு விட்டுச் சிவந்தது. சாம்பல் வெள்ளையாக ஒரு அங்குலம் நின்றது, விழவில்லை. சிங்காரம் கைகட்டி நின்றான்.

"அக்கா, பாதிக்கு வந்துடுச்சு. இப்ப கருப்பட்டி வாசன வரும் பாரு" என்றான்.

வந்தது. பொய் சொல்லக்கூடாது, சாமி விஷயம். எங்கள் அம்மா பனங்கருப்பட்டியைக் காய்ச்சி இறக்குவாளே, அதே வாசனை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன், மணலில் கால் நிற்கவில்லை என்று சொல்லி.

நாலேகாலுக்குச் சுருட்டு அடிவரை எரிந்து முடிந்தது. ஐந்தேகால் பஸ், செங்கல்பட்டுக்குப் பத்தொன்பது மைல், பத்தணா, ஏழு மணிக்கு வீடு. ரதங்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். படகில் போவதென்றால் பாயும் தலையணையும் கொண்டுபோங்கள், தண்ணீர்ச் செம்பு மறக்காதீர்கள். விறகுப் படகு தினம் கிடையாது, காதர் பாய் கடையில் கேளுங்கள். முனிக்குப் படைப்பதை மூன்று மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், காற்று பார்த்துக்கொள்ளும். சவுக்குக் குச்சி அங்கே கிடைக்காது, வழியில் பொறுக்கிக்கொள்ளுங்கள். சுருட்டு தெரிந்தவரை அழைத்துப் போனால் கழுகு தரிசனத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு திட்டினேனே தவிர, அன்றைக்கு வேறு யார் வந்திருந்தாலும் அது பற்றியிருக்காது. இன்றோடு பதினோரு நாள். தம்பி சுருட்டு என்ற பேச்சையே எடுக்கவில்லை. நெஞ்சும் சுத்தமாக இருக்கிறதென்று டாக்டர் சொல்லிவிட்டார். முனி ஏற்றுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பாய் கொடுத்த மூன்றாவது சுருட்டைச் சொன்னபடி பட்டுப்புடவைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. நேற்றுச் சாயங்காலம், "பொட்டில ரசகற்பூரம் போட்டு வெக்கிறேங்க்கா, பூச்சி வரும்" என்று சொல்லி, சிங்காரம் என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு போனான். இன்னும் திருப்பித் தரவில்லை.