தாரை வார்த்த தண்ணீர்

பல வருஷமாக இதை எழுத உட்காருவதும், வெட்கப்பட்டு எழுந்துவிடுவதுமாக இருந்தேன். அதிகம் படித்தவன் இல்லை நான். ஆனாலும் தடுத்தது அது இல்லை. மூத்திரம் என்கிற வார்த்தையை எழுதக் கை வரவில்லை.

தா.பழூர் பக்கம் எங்கள் ஊர். அறுப்பு முடிந்து வைக்கோல் ஏற்றி வந்த டிராக்டரில், பாரத்தின் மேலே உட்கார்ந்திருந்தேன். வாய்க்கால் மேட்டில் வண்டி குலுங்கியதும் மல்லாக்க விழுந்தேன். முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. அரியலூரில் பார்த்துவிட்டுத் திருச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே முதுகைத் திறந்து கம்பியும் திருகாணியும் வைத்தார்கள்.

"எலும்ப நிக்க வச்சாச்சு. நசுங்குன நரம்பு எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர்.

சிவபெருமான் கருணையால் கால் கொஞ்சம் வந்தது. வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைப்பேன். மூத்திரம் மட்டும் தானாக வரவில்லை. குழாய் போட்டு, தொடையில் பை கட்டி அனுப்பினார்கள். என் மனைவியைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

பிரதோஷம் தவறாதவன் நான். அந்தப் பையோடு கோயில் படி ஏறக் கூசியது. வீட்டிலேயே திருநீறு பூசிக்கொண்டு இருந்துவிடுவேன். அப்படி இருக்கும்போதுதான் மகளுக்குக் கல்யாணம் கூடியது. அதே சிவன் கோயிலில் முகூர்த்தம்.

"ஒங்கண்ணன் தாரை வாக்கட்டும். நான் வெளியில கார்லயே ஒக்காந்துக்கறேன்" என்றேன்.

"புள்ளயப் பெத்தது எங்கண்ணனா?" என்றாள் மனைவி. "பையோட வாங்க. சாமிக்குத் தெரியாததா என்ன?"

"அப்பா வரலன்னா நானும் உள்ள வரல" என்று மகளும் நின்றாள். ஒப்புக்கொண்டேன்.

ஆனால் அசுத்தத்தைச் சுமந்துகொண்டு சன்னதியில் உட்கார மனம் வரவில்லை. முதல் நாள் மதியமே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். காலையில், மனைவிக்கும் தெரியாமல், பையைக் கழற்றிவிட்டுக் குழாயை மடித்து ரப்பர் போட்டு இறுக்கினேன். தாலி ஏறும்வரை தாங்கு சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

தாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்துப் பிடித்திருந்தேன். இடுப்புக்குக் கீழே எனக்கு ஈரம் உறைக்காது. குனிந்து பார்த்தபோதுதான் பட்டு வேட்டி மடியில் ஈரம் பரவுவது தெரிந்தது. எதிரே சம்பந்தி வீட்டார். கையை எடுத்து மறைக்கவும் வழியில்லை. மனைவியைப் பார்த்தேன்.

சொம்பை வைத்துக்கொண்டு, குருக்கள் சொன்னதும் மெல்லிசாக ஊற்ற நின்றவள், என் மடியை ஒருதரம் பார்த்தாள். பார்த்ததும் சொம்பை அப்படியே கவிழ்த்துவிட்டாள். எங்கள் கை, என் மடி, மாப்பிள்ளை வேட்டி எல்லாம் தொப்பலாகிவிட்டது.

"ஏ சம்பந்தியம்மா! தாரை வாக்கச் சொன்னா எம்புள்ளயக் குளிப்பாட்டுறீங்களே!" என்று சம்பந்தி கத்த, மண்டபமே சிரித்தது.

"கை நடுங்கிப்போச்சுங்க" என்றாள் அவள்.

நானும் சேர்ந்து சிரித்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் குளிர்காய்ச்சல். மறுபடி ஆஸ்பத்திரி. "கொழாய அடச்சா மூத்திரம் மேல ஏறி கிட்னியக் கெடுத்துரும். தண்ணி குடிக்காம இருந்ததும் தப்பு" என்று டாக்டர் திட்டினார். மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கொழாய அடச்சுக்கிட்டு வான்னு சாமி சொன்னாரா?"

இப்போது பையோடுதான் கோயிலுக்குப் போகிறேன். ஆனால் எந்த விசேஷமானாலும் சொந்தக்காரர்களுக்கு அதே பேச்சு. "அத்தைகிட்ட சொம்பக் குடுக்காதீங்கடா, வெள்ளம் வந்துரும்!" பேரனுக்குக் காது குத்தியபோதும் சொன்னார்கள். அவள் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் வாய் திறக்கவில்லை.

உங்கள் தெருவில் குழாயோடு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறவர் யாராவது இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். இருக்கிறபடியே படியுங்கள். நாகரிகம் கருதி மூத்திரத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால், கை நடுங்கிய பொம்பளை என்கிற பேச்சுதான் மிஞ்சும். அவள் கை நடுங்கவில்லை.